பரணில் சிறுத்தை, பையில் உத்தரவு

மீட்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் நாலைந்து பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டதும் தமிழிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். வாசிக்கத் தடுமாறினால் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா சிரிக்கிற இடத்தில் நீங்களும் சிரித்தால் போதும்.

நான் தாராவியில் பிறந்தவன். வனத்துறையில் ஜீப் ஓட்டுநராகத்தான் சேர்ந்தேன். ஓட்டுநர் வேலையில் பாதி, காத்திருப்பது. அந்த நேரத்தில் அதிகாரி சீட்டில் விட்டுப்போன சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மராத்தியும் வந்தது, சட்டமும் வந்தது. மயக்க ஊசித் துப்பாக்கியையும் அப்படித்தான், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் குழுவில் துப்பாக்கி என் தோளில்தான் இருந்தது. ஊசித் துப்பாக்கி ஒன்று, நிஜத் துப்பாக்கி ஒன்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி நீளப் பெட்டி. எது எது என்று தூக்கும்போதே கனத்தில் தெரியும்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சுடலாமா?" கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள், லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு கேட்பார்கள். ஒருமுறை மாதுங்காவிலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"சார், நான் பாங்கிலே ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எதையும் ரூல் என்னன்னு கேட்டுண்டு செய்யறவன். மொட்டை மாடியிலே வடாம் காயப் போட்டா குரங்கு வந்து அள்ளிண்டு போயிடறது. எங்கிட்டே ஏர்கன் இருக்கு. சுடலாமோ?"

"குரங்கு உங்களைக் கடிக்க வந்துதா சார்?"

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. வடாத்தைத்தான் பாக்கறது."

"அப்போ சுடக்கூடாது சார். மனுஷ உயிருக்கு ஆபத்துன்னா வேற பேச்சு. வடாத்துக்கு ஆபத்துன்னா நீங்க துப்பாக்கி எடுக்க முடியாது."

பிறகு கேட்டார்: "நான் போய் வடாத்துக்கு முன்னாலே நின்னுண்டா?"

ஜனங்கள் பேசுவதை எழுதிவைக்கும் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அன்றைக்கு இதைத்தான் எழுதினேன். சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை. நீங்கள் விசாரிக்கப் போகும் 'தற்காப்பு' வழக்குகளில் பாதி இந்தக் கதைதான். மிருகம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆள் போய்க் குறுக்கே நின்றுகொண்டு, "உயிருக்கு ஆபத்து" என்பார்.

சட்டம் சொல்வதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு காட்டு மிருகம் உங்கள் மேலோ அடுத்தவர் மேலோ பாய்கிறது, உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு அடிக்கிறீர்கள், அது செத்துப்போகிறது என்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் திருட்டு வேட்டை மாதிரி சட்டவிரோத வேலை எதிலும் இருந்திருக்கக்கூடாது. இது ஒன்று. சிறுத்தை மாதிரியான மிருகம் மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது இனிப் பிழைக்காது என்கிற அளவுக்கு அடிபட்டோ நோய்ப்பட்டோ கிடக்கிறது என்றால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுட அனுமதி தரலாம். அதுவும் பிடிக்க முடியாது, மயக்க முடியாது, வேறிடம் கொண்டுபோக முடியாது என்று அவருக்குத் தெளிவான பிறகு. இது இரண்டு.

வாசிக்க இரண்டு நிமிஷம் ஆகாது. அந்த அனுமதி உங்கள் பையில் இருக்கும்போது, விரல் விசையில் இருக்கும்போது, என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. எனக்கு அது சொர்ணம் அக்கா வீட்டில்தான் தெரிந்தது.

செம்பூரைத் தாண்டி டிராம்பே மலையடியில் சீட்டா கேம்ப், அதாவது சிறுத்தை முகாம், இருக்கிறதே, அங்கே நம் தெற்கத்தி ஜனம் நிறைய. சொர்ணம் அக்கா அங்கே இட்லிக்காரி. விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் விற்பவர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு மறுநாளைக்கு மாவரைப்பார். ஒரே அறை. முன்சுவர் செங்கல், மற்ற மூன்று பக்கமும் தகரம். பம்பாயில் அதற்குப் பெயர் பத்ரா. வாசலுக்கு மேலே அறையின் பாதி அகலத்துக்குப் பலகைப் பரண். அரிசி மூட்டையும் காலி அண்டாக்களும் அதன்மேல்.

அன்று காலை ஒன்பதேகாலுக்கு அலுவலக போனை எடுத்தவன் நான்தான். ஒரு ஆள் அவசரமாகச் சொன்னார்: "சார், சீட்டா கேம்ப்ல ஒரு வீட்டுக்குள்ள சிறுத்தை வந்திருச்சு."

நான் சிரித்துவிட்டேன். "அப்படியா? லயன் கேட்ல சிங்கம் ஏதும் வந்திருக்கான்னு பாத்துச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு விளையாட்டு போன் வரும் காலம் அது. பத்து நிமிஷம் கழித்து போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தபோது என் முகத்தில் சிரிப்பில்லை. இந்தப் பத்து நிமிஷத்தை நான் யாரிடமும் மறைத்ததில்லை. உங்களிடமும் மறைக்கவில்லை. போனில் வரும் எந்தச் செய்தி எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், போய்ப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது சந்து முழுக்கத் தலை. மாடியில் தலை, தண்ணீர்த் தொட்டிமேல் தலை. "இத்தனை வருசமா பேரை வச்சுட்டு ஏமாத்திக்கிட்டு இருந்தோம், இன்னைக்குத்தான் நெசமாச்சு" என்றார் ஒருவர். "வந்தது வந்துருச்சு, ரேஷன் கார்டுல பேரைச் சேத்துருங்க" என்றாள் இன்னொரு மாடியிலிருந்து ஒரு பெண். நோட்டை எடுக்கக் கை பரபரத்தது. எடுக்கவில்லை.

எனக்கு போன் செய்த ஆள் முன்னால் வந்தார். காதர் பாய். கூரையும் தகரச் சுவரும் அடிக்கிற தொழில். சொர்ணம் அக்கா வீட்டுக்கு முதுகோடு முதுகாக ஒட்டிய வீடு அவருடையது. "என்னண்ணே, சிங்கத்தைப் பாத்துட்டு வாரீயளா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நடந்தது அவர் வாயால்தான் தெரிந்தது. விடியற்காலை சைக்கிள்காரர்கள் வந்து போகிற நேரத்தில், கதவு திறந்து கிடந்தபோது, சிறுத்தை உள்ளே புகுந்து பரணில் ஏறிப் படுத்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. சொர்ணம் அக்கா தன் பாட்டுக்கு நாலு ஈடு மாவரைத்திருக்கிறார். ஐந்தாவது ஈட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பரணிலிருந்து கயிறு ஒன்று தொங்குகிறது. சாக்கைக் கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டது என்று இழுக்கக் கை நீட்டியிருக்கிறார். கயிறு தானாக மேலே போயிருக்கிறது.

அக்கா கத்தவில்லை. பின்னாலேயே நகர்ந்து, எதிர்மூலையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, காதர் பாய்க்கு போன் செய்திருக்கிறார். காதர் பாய் ஓடிவந்து வாசல் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டார். திறந்திருந்தால் சிறுத்தை சந்துக்குள் பாய்ந்திருக்கும். சந்தில் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். சரியான முடிவுதான். ஆனால் உள்ளே அக்கா ஒரு பக்கம், சிறுத்தை ஒரு பக்கம், நடுவில் பத்தடி. வாசலுக்கு வரவேண்டுமென்றால் சிறுத்தைக்கு நேர் கீழே வரவேண்டும்.

ஏன் உடனே ஊசி போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஊசி பட்டதும் மிருகம் தூங்கிவிடாது. மருந்து ஏறப் பத்து நிமிஷமோ பதினைந்தோ ஆகும். அதுவரை வலியிலும் பயத்திலும் கண்டபடி பாயும். அந்தப் பத்தடி அறையில் பாய்வதற்கு சொர்ணம் அக்காவைத் தவிர வேறு திசை கிடையாது. "முதல்ல அந்தம்மா வெளிய வரணும், அப்புறம்தான் ஊசி" என்று எங்கள் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். ஆனால் அவருக்குச் சந்தும் கூட்டமும் பெரிய கவலை. நாங்கள் வருமுன்பே மேலிடங்களுக்குப் பேசிவிட்டார். பெண் ஒருவர் உள்ளே மாட்டியிருக்கிறார், உயிருக்கு நேரடி ஆபத்து என்கிற காரணத்தோடு, பிடிக்கவோ மயக்கவோ முடியாத பட்சத்தில் சுடலாம் என்று கையெழுத்திட்ட உத்தரவு என் போனுக்கு வந்தது. தாளிலும் ஒரு நகல் வந்து சேர்ந்தது. மடித்துப் பையில் வைத்தேன். "ஆர்டர் ஆ கயா. இனி என்ன யோசனை?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தாள் வந்ததும் வேலை பாதி முடிந்த மாதிரி. அனுமதி என்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போயே ஆகவேண்டும் என்று அதில் எழுதியிருக்காது.

அடுத்தது என் இரண்டாவது தப்பு. நம் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது என்ன? அமைதி. கூட்டத்தை விலக்கு, சத்தத்தை நிறுத்து. நானும் அதையே செய்தேன். எதிர்வீட்டு டிவியை அணைக்கச் சொன்னேன். குழாயை மூடச் சொன்னேன். சொர்ணம் அக்கா வீட்டிலிருந்து கடகடவென்று கிரைண்டர் சத்தம் வந்துகொண்டிருந்தது. "மெயினை அணைங்க" என்றேன். வெளியே இருந்த மெயின் சுவிட்சை யாரோ இறக்கினார்கள். சந்து முழுக்க நிசப்தம். நானே பாராட்டிக்கொள்ளும் அளவுக்கு நிசப்தம்.

எதிர்வீட்டு மாடிக்கு இரண்டு பெட்டிகளோடும் ஏறினேன். இன்ஸ்பெக்டர் கூடவே வந்தார். சந்தின் அகலம் ஐந்தடிதான். சொர்ணம் அக்கா வீட்டு முன்சுவரில் பரண் உயரத்துக்கு ஒரு சின்னக் காற்றுவழி. அதன் வழியாகப் பார்த்தால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மஞ்சளாக, கறுப்புப் புள்ளியோடு, அது. எவ்வளவு அழகு என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்தது.

விடிந்ததிலிருந்து அசையாமல் கிடந்த மிருகம். காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. சந்தில் ஒருவர் இருமினார். காது அங்கே போனது. எங்கோ செருப்பு தேய்ந்தது. காது இங்கே வந்தது. உள்ளே, கீழே, சொர்ணம் அக்காவின் கண்ணாடி வளையல் ஒன்று தகரத்தில் பட்டது. தலை அந்தப் பக்கம் திரும்பியது. உடம்பைத் தாழ்த்திப் பரணின் விளிம்புக்கு வந்தது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல்.

"மாரோ! சுடு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கனத்த பெட்டியைத் திறந்துவிட்டேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. உத்தரவு என் பையில். பெண் ஒருத்தியின் உயிர் பத்தடியில். சுட்டிருந்தால் எந்த நீதிபதியும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார். துப்பாக்கியை எடுத்து, காற்றுவழியில் குறிவைத்து, சிறுத்தையின் காதுக்குப் பின்னால் கண்ணைக் கொண்டுபோனேன்.

அப்போது அதற்கும் பின்னால் இருந்தது தெரிந்தது. அறையின் பின்சுவர். பழைய தகரம். பழைய ஆணி ஓட்டைகளின் வழியே வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தது. குறிக்கு நேர் பின்னால் ஒரு புள்ளி. அது அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

"என்ன ஆச்சு?"

"பின்னால ஆள் இருக்கு சார்."

"பின்வீட்டைக் காலி பண்ணியாச்சு. என் ஆளே நின்னு பண்ணினான்."

"அப்படின்னா சுவரு கண் சிமிட்டுது சார்."

குண்டு சிறுத்தைக்குள் நின்றுவிடும் என்று யாரும் நினைக்காதீர்கள். நம் ஊர் வீடுகளில் சுவர் என்பது பார்வைக்குத்தான் சுவர். சுடும்போது நாம் மிருகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குப் பின்னால் இருப்பதையும், அதற்கும் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். சீட்டா கேம்ப்பிலும் தாராவியிலும் எந்த மிருகத்துக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கும்.

சரி, சுட முடியாது. ஆனால் சிறுத்தை விளிம்பில் நிற்கிறது. பையில் என் போன் அதிர்ந்தது. சொர்ணம் அக்கா. காதர் பாய் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். மூச்சுச் சத்தம் மாதிரி ஒரு கிசுகிசுப்பு:

"ஐயா, மெயினை எதுக்கு நிப்பாட்டுனீய?"

"சத்தம் இல்லாம இருக்கட்டும்னுதான் அக்கா."

"சத்தம் இருந்த வரைக்கும் அது ஒறங்கிக்கிட்டுல்லா கெடந்துச்சு! நாலு ஈடு அரைச்சேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் நிப்பாட்டிப் போட்டேன். ஒரு சிணுங்கல் இல்ல. நீங்க வந்து ஊரையே வாயைப் பொத்த வச்சீய, முழிச்சுக்கிட்டு. மெயினைப் போடுங்க. கிரைண்டர் சுச்சு போட்டபடிதான் கெடக்கு."

ஒரு கணம் யோசித்தேன். புத்தகம் ஒன்று சொல்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மனுஷி வேறொன்று சொல்கிறார். மிருகத்தோடு அன்று காலை முழுக்க இருந்தவர் அவர்தான். நான் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காட்டில் நிசப்தம் அமைதி. இந்தச் சந்தில் நிசப்தம் என்றால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். மனிதர்களுக்கே இங்கே கரண்ட் போனால்தான் தூக்கம் கலைகிறது. மலையடியில் வளர்ந்த அந்தச் சிறுத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மாடியிலிருந்து கீழே கையைக் காட்டினேன். "போடு!"

கட், கட், கடகடகட. கிரைண்டர் ஓடத் தொடங்கியது. சிறுத்தை ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. என் விரல் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு அதன் காதுகள், வேலை முடிந்த மாதிரி, மெல்லப் பின்னால் சாய்ந்தன. விளிம்பை விட்டு நகர்ந்து, அரிசி மூட்டையோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது. கொட்டாவிகூட விட்டது. இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

இப்போது கிரைண்டர் சத்தத்தில் அக்கா சாதாரணமாகவே பேசினார். "ஐயா, கேக்கா? நான் செத்தாலும் பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். எனக்குச் சாவ இஷ்டம் இல்ல. ஆனா சீக்கிரம் ஏதாச்சும் செய்யுங்க. மாவு ஒரே கல்லுல ரொம்ப நேரம் ஓடுனா சூடேறிப் போவும்."

காதர் பாய்தான் வழி சொன்னார். "அண்ணே, பின்பக்கத்து பத்ரா நான் அடிச்சது. அறுக்க வேண்டாம், ஒடைக்க வேண்டாம். கீழ்வரிசை போல்ட்டு ஆறு. என் வீட்டு அடுக்களைப் பக்கம்தான் நட்டு. கழட்டி மடக்குனா ஒரு ஆள் நுழையலாம்."

"சத்தம் கேக்காதா பாய்?"

"கிரைண்டர் ஓடுற வரைக்கும் நான் உள்ளே கல்யாணமே நடத்தலாம்."

டாக்டரை ஊசித் துப்பாக்கியோடு தயாராக மாடியில் நிறுத்திவிட்டு, காதர் பாயோடு சந்தைச் சுற்றிப் பின்வீட்டுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டரும் வந்தார். வீடு காலியாகத்தான் இருந்தது. அடுக்களையில் மட்டும், காதர் பாய் வீட்டு அரிசி டிரம்மின் மேல் ஏறி நின்று, தகரத்தின் ஆணி ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்ய அனுப்பப்பட்ட அந்தப் போலீஸ்காரர்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. கத்த முடியாத இடம். அவர் அந்த மனுஷரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் தோளில் இரண்டு முறை தட்டினார். அவ்வளவுதான். போலீஸ்காரர் டிரம்மிலிருந்து இறங்கி, மிக மரியாதையாக, "சார், வால் மட்டும்தான் தெரிஞ்சது" என்றார்.

காதர் பாய் நட்டுகளுக்குச் சமையல் எண்ணெயைத் தடவிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐந்து சுலபமாக வந்தது. ஆறாவது துருப்பிடித்திருந்தது. ஸ்பானரை வைத்து அழுத்தியபோது 'கிறீச்' என்று ஒரு சத்தம். காதர் பாய் ஸ்பானரை அப்படியே பிடித்துக்கொண்டார். கடகடகட என்று கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாடியிலிருந்து டாக்டர் போனில் ஒரே ஒரு சொல் சொன்னார்: "படுத்திருக்கு."

தகரம் மடங்கியது. முதலில் வந்தது சொர்ணம் அக்காவின் போன். பிறகு மாவு அப்பிய இரண்டு கைகள். ஒரு கையை நானும் ஒரு கையை இன்ஸ்பெக்டரும் பிடித்தோம். அக்கா சற்றுக் கனத்த உடம்பு. இடுப்பு வரை வந்ததும் சிக்கிக்கொண்டது.

"இழுங்க சார், கூச்சப்படாதீய" என்றார் அக்கா. "நான் உள்ள திரும்பிப் போவ மாட்டேன்."

இழுத்தோம். வந்துவிட்டார். காதர் பாய் கண் கலங்கிச் சிரித்தார். போலீஸ்காரர் கைதட்டப் போனார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தகரத்தை மறுபடி வைத்து அழுத்தி, நட்டுகளை முடுக்கினோம். அக்கா என்னிடம் முதலில் சொன்னது: "இப்ப ஊசியப் போடுங்க. பாவம், அதுவும் விடிஞ்சதுலேருந்து பட்டினி."

மாடிக்குத் திரும்பி ஊசித் துப்பாக்கியை வாங்கினேன். தொடையில் பட்டது. சிறுத்தை பரணிலிருந்து குதித்தது, அண்டாக்கள் எல்லாம் உருண்டன, ஒரு முறை அறையைச் சுற்றி வந்தது. பிறகு கிரைண்டர் பக்கத்தில், அக்கா உட்கார்ந்திருந்த அதே மூலையில் போய்ப் படுத்தது. கால்மணி நேரத்தில் தலை சாய்ந்தது. அப்போதுதான் கிரைண்டரை நிறுத்தினோம். டாக்டர் உள்ளே போய் முதலில் மூச்சைப் பார்த்தார், பிறகு பற்களைப் பார்த்தார். சின்ன வயதுப் பெட்டை, நல்ல ஆரோக்கியம், எங்கும் காயமில்லை என்றார்.

வலையில் கிடத்தித் தூக்கி வர ஆறு பேர் வேண்டும். எங்களிடம் நாலு பேர். ஐந்தாவது ஆளாகக் காதர் பாய் வந்தார். ஆறாவது ஆளாகப் பிடித்தவர் இன்ஸ்பெக்டர். சந்து வழியே கொண்டுபோகும்போது இத்தனை கூட்டத்தில் ஒருவரும் கத்தவில்லை. மாடியிலிருந்த பெண் மட்டும் மெதுவாக, "மூஞ்சியப் பாரு, எங்க வீட்டுப் பூனை மாதிரியே தூங்குது" என்றாள். வண்டியின் கூண்டுக்கதவு மூடியதும்தான் விசில் கிளம்பியது. அந்த விசில் செம்பூர் வரை கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எவ்வளவு சூடா இருக்கு அது" என்றார் இந்தியில், யாரிடமும் இல்லாமல்.

டாக்டரும் மற்றவர்களும் கூண்டோடு கிளம்பினார்கள். நான் பின்தங்கினேன். நிஜத் துப்பாக்கியை வெளியே எடுத்தால், திரும்பிப் போகுமுன் படிவம் நிரப்பியாக வேண்டும். சொர்ணம் அக்கா நேற்றைய மாவு கொஞ்சம் மிச்சமிருந்ததைக் காதர் பாய் வீட்டு அடுப்பில் வைத்து இட்லி அவித்தார். இன்ஸ்பெக்டர், போலீஸ்காரர், நான், எல்லோரும் அந்த அடுக்களைத் தரையில் உட்கார்ந்தோம். போலீஸ்காரருக்கு அக்கா இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். "நீரு கண்ணைச் சிமிட்டலன்னா என் வீட்டுல இன்னைக்கு குண்டு வெடிச்சிருக்கும்வே. தின்னும்."

தட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். சுட்டிருந்தால் எழுத நிறைய உண்டு: எத்தனை குண்டு, எவ்வளவு தூரம், என்ன காரணம். சுடவில்லை. ஆகவே எல்லாவற்றிலும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கட்டம். உத்தரவு இருந்தும் செயல்படுத்தாததற்குக் காரணம் என்ன?

பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஆணி ஓட்டை என்று எழுதுவதா? கிரைண்டர் என்று எழுதுவதா? அக்கா சட்னிக் கிண்ணத்தோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்னய்யா, இட்லிய ஆற வச்சுட்டு எழுதிக்கிட்டு இருக்கீய?"

"சுடலாம்னு உத்தரவு வந்துச்சுல்லா அக்கா. ஏன் சுடலன்னு கேக்காங்க."

அக்கா கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு, என்னையும் படிவத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "சுட்டாத்தான் ஏன் சுட்டன்னு கேக்கணும். சுடாததுக்குமா கேப்பாவ?"

அந்தக் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். பணியில் இருந்த கடைசி நாள் வரை யாரும் அதைப் பற்றி என்னைக் கேட்கவில்லை.